ஐந்து சாமான், இரண்டு போர்ட்: ஸ்விட்ச் பாக்ஸா, ரிசீவரா?

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால், படமும் ஒலியும் ஒரே வயரில் வந்து சேரும் எச்டிஎம்ஐ போர்ட் இரண்டுதான். கஜா புயலுக்கு மறு வருஷம், 2019-இல் வாங்கிய 43 அங்குல டிவி. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஃபயர் ஸ்டிக்குக்கு ஒன்று. அப்புறம் மகன் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 கொண்டுவந்தான். அப்பா சேர்த்து வைத்திருக்கும் கச்சேரி டிவிடிகளுக்காக ஒரு பிளேயர் வந்தது. டிவி ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கேட்டால் பீப்பி ஊதுகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா சொல்லிச் சொல்லி, ஒரு சவுண்ட்பாரும் வந்து சேர்ந்தது.

இதற்கு மூன்று வழி உண்டு. தேவைப்படும்போது கையால் வயரைப் பிடுங்கி மாற்றுவது ஒன்று. பல சாமானை வாங்கி ஒன்றை மட்டும் டிவிக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் பாக்ஸை நடுவில் வைப்பது இன்னொன்று. எல்லாச் சாமானையும் ஸ்பீக்கர்களை ஓட்டும் ஒரு ஏவி ரிசீவரில் கொடுத்து, அங்கிருந்து டிவிக்கு ஒரே வயர் இழுப்பது மூன்றாவது. முதல் வழியில் நாங்கள் ஒரு வருஷம் ஓட்டினோம். 2020-இலிருந்து ஸ்விட்ச் பாக்ஸ்தான். ரிசீவர் மாயவரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறது. அதன் பின்பக்க வயரெல்லாம் நான் உட்கார்ந்து செருகிக் கொடுத்தது, போகும்போதெல்லாம் கேட்டும் வருகிறேன். நான் ஸ்விட்ச் பாக்ஸ் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையால் மாற்றுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. காசு செலவில்லை. இரண்டு சாமான் மட்டும் வைத்திருப்பவருக்கு வேறெதுவும் தேவையும் இல்லை. ஆனால் டிவி சுவரில் மாட்டியிருந்தால் சந்துக்குள் கைவிட்டுத் தடவித்தான் செருக வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட்டைப் பத்தாயிரம் தடவை செருகிக் கழற்றலாம் என்பது அதன் தரக்கணக்கு. அது நேராகச் செருகி நேராக இழுத்தால் வரும் கணக்கு. எங்கள் வீட்டில் மகன் ஒருநாள் அவசரத்தில் வயரைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டான். அன்றிலிருந்து ஒரு போர்ட்டில் படம் விட்டுவிட்டு வந்தது. எங்கள் ஊர்ப் பந்தலடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "போர்ட் மட்டும் தனியா இல்ல சார், மெயின் போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கு" என்றார். நல்லவேளை, சால்டரிங் விட்டுப்போன இடத்தை மறுபடி பற்றவைத்துச் சரிசெய்துவிட்டார். போர்டையே மாற்ற வேண்டி வந்திருந்தால் ஒன்பதாயிரம் ரூபாய் ஆகியிருக்கும் என்றார். அதற்கு மறுவாரம்தான் ஸ்விட்ச் பாக்ஸ் வாங்கினேன். ஐந்து உள்ளே, ஒன்று வெளியே, ரிமோட்டும் அடாப்டரும் சேர்த்து 1,650 ரூபாய்.

இனி ரிசீவர். சத்தத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஸ்விட்ச் பாக்ஸ் படத்தையும் ஒலியையும் அப்படியே கடத்திவிடும் ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். ரிசீவரோ ஒலியைப் பிரித்து, அதற்கு வலு கொடுத்து, ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் அனுப்புகிறது. அக்கா வீட்டில் தை மாதம் திருவையாறு ஆராதனையைத் தூர்தர்ஷன் நேரலையில் போட்டார்கள். நாகஸ்வரம் தொடங்கியதும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தவிலின் தொப்பிப் பக்கம் குச்சி விழும் அதிர்வு காலில் தெரிந்தது. என் சவுண்ட்பாரில் அது கிடைக்காது. ப்ளூரே வட்டில் சுருக்காமல் பதிவான ஒலியை முழுசாகக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கும் ரிசீவர்தான். டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ வயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதிக்கு ஏஆர்சி என்று பெயர். சாதாரண ஏஆர்சி வழியாகப் போகும் பல ஸ்பீக்கர் ஒலி சுருக்கப்பட்டதுதான். டிவியிலும் சவுண்ட்பாரிலும் அதன் புதிய வகையான இஏஆர்சி இருந்தால் மட்டும் அந்தக் குறை இல்லை.

கரண்ட் போகும்போது ரிசீவர் வேறு மாதிரி. மாநிலத்தில் மின்வெட்டு முன்பைவிடக் குறைந்திருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் டெல்டாவில் ஒரு மரக்கிளை விழுந்தால் போதும், அரைநாள் கரண்ட் இருக்காது. எங்கள் வீட்டில் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு ஃபேன், நாலு விளக்கு, டிவி எல்லாம் அதில் ஓடும். ஸ்விட்ச் பாக்ஸ் தின்பது 5 வாட்டுக்கும் கீழ்தான், இருப்பதே தெரியாது. அத்தான் வீட்டு ரிசீவர் பழைய மாடல், கரண்டும் அதைவிட அதிகம் தின்னும். அதை ஆன் செய்யாமல் படம் டிவிக்குப் போகாது. செய்தி பார்க்க வேண்டுமென்றாலும் அது ஓடியாக வேண்டும். கரண்ட் போனால் அக்கா முதல் வேலையாக டிவியை நிறுத்திவிடுகிறாள். அணைத்து வைத்திருந்தாலும் படத்தை மட்டும் கடத்திவிடும் வசதி புதிய மாடல்களில் உண்டு. வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சத்தம், கரண்ட், விலை மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். என் முடிவைத் தீர்மானித்தது வேறு. கெட்டுப்போனால் எது கெடுகிறது, அதை யார் சரிசெய்வார், அதுவரைக்கும் வீட்டில் டிவி ஓடுமா என்பதுதான். நம் பக்கம் சாமான்கள் கெடுவதே ஒரு தனி விதம் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

சித்திரையில் கோடை மழையும் ஐப்பசித் தொடக்கத்தில் பருவமழையும் இடியோடுதான் வரும். வயல்வெளி தட்டையான நிலம். அதன் நடுவே நிற்கும் தென்னை, பனை, மின்கம்பம் இவற்றைத் தொட்டுத்தான் கேபிள்காரர் வயர் வீட்டுக்கு வீடு போகிறது. டிவி கரண்டுக்கு நாம் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம். கேபிள் வயருக்கு என்ன வைத்திருக்கிறோம்? ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோப்பில் மின்னல் இறங்கினால் அந்த நீளமான வயரில் மின்னழுத்தம் துள்ளும். அது செட்டாப் பாக்ஸில் நுழைந்து எச்டிஎம்ஐ வயர் வழியே அடுத்த சாமானுக்கு ஓடும். எச்டிஎம்ஐ படக்கம்பிகள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. அதற்குமேல் தாங்காத மென்மையான சிப்தான் மறுமுனையில் இருக்கிறது. அந்த மறுமுனை டிவியின் மெயின் போர்டா, ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டா, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஸ்விட்ச் பாக்ஸா என்பதில்தான் செலவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

2021 ஐப்பசியில் ஒரு ராத்திரி எங்கள் தெருக்கோடித் தென்னையில் இடி விழுந்தது. காலையில் செட்டாப் பாக்ஸில் விளக்கு எரிகிறது, டிவியில் படம் இல்லை. ஃபயர் ஸ்டிக்குக்கு மாற்றினேன், படம் வந்தது. செட்டாப் பாக்ஸ் வயரை ஸ்விட்ச் பாக்ஸின் ஒன்றாம் போர்ட்டிலிருந்து பிடுங்கி ஐந்தில் செருகினேன், அங்கேயும் வந்தது. செத்தது ஒன்றாம் போர்ட் மட்டும்தான். பொங்கல் வரைக்கும் மிச்ச நான்கை வைத்தே ஓட்டினோம். பிறகு புதுசு வாங்கினேன், 1,900 ரூபாய். டிவிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறு வருஷம் அக்கா வீட்டிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. அங்கே அடி வாங்கியது ரிசீவர். ரேடியோ பாடுகிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தப் போர்ட்டில் கொடுத்தாலும் படம் இல்லை. மாயவரத்தில் அதைத் திறந்து பார்க்க யாரும் முன்வரவில்லை. ஒன்பது கிலோ பெட்டியை அத்தான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்குப் போனார். எச்டிஎம்ஐ போர்டு வரவேண்டும் என்று சொல்லி நாற்பத்தைந்து நாள் வைத்துக்கொண்டார்கள். பில் 11,000 ரூபாய். அந்த நாற்பத்தைந்து நாளும் ஐந்து ஸ்பீக்கரும் வெறும் மரப்பெட்டியாக நின்றன. ரிசீவரின் மேல்மூடியில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும். உள்ளே கதகதப்பாக இருப்பதால் மழைக்காலத்தில் சிற்றெறும்பு குடியேறும். திறந்தபோது ஒரு கைப்பிடி எறும்பு முட்டை இருந்தது என்று அத்தான் சொன்னார்.

ஸ்விட்ச் பாக்ஸ் இடிதாங்கி இல்லை, அதை யாரும் அப்படி நினைத்துவிடக் கூடாது. பலமான இடி என்றால் அதையும் தாண்டி டிவிக்குப் போகும். என் அனுபவம் ஒரே ஒரு இடியில் கிடைத்தது. இடி முழங்க ஆரம்பித்ததும் அம்மா கொடியில் காயும் துணியை எடுத்துவிட்டு, செட்டாப் பாக்ஸ் பின்னால் இருக்கும் கேபிள் வயரைத் திருகிக் கழற்றிவிடுவாள். அதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. அம்மா ஊரில் இல்லாத ராத்திரிகளுக்குத்தான் ஸ்விட்ச் பாக்ஸ்.

சரி, வாங்குவது என்று முடிவானால் சில விஷயம் கவனிக்க வேண்டும். கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். முதல் தடவை ஒரு கடையில் எனக்கு ஸ்ப்ளிட்டரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சாமானின் படத்தை இரண்டு டிவிக்குப் பிரிப்பது ஸ்ப்ளிட்டர். நமக்கு வேண்டியது பல சாமானிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு டிவிக்கு அனுப்பும் ஸ்விட்ச். பார்க்க இரண்டும் ஒரே தினுசில் இருக்கும். பெட்டியில் 'இன்' என்று எத்தனை, 'அவுட்' என்று எத்தனை என எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

அடாப்டர் இல்லாத சின்னப் பெட்டிகள் நானூறு ஐந்நூறுக்குக் கிடைக்கின்றன. செருகிய சாமானே எச்டிஎம்ஐ வயரில் தரும் 5 வோல்ட்டில் அவை ஓடும். ஒரு முழ வயர் என்றால் சரிதான். வயர் நீளமானால் படம் மினுங்கும், இல்லாவிட்டால் அடிக்கடி இருண்டுபோகும். அடாப்டர் உள்ளதையே வாங்குங்கள்.

4கே படம் பார்ப்பவர்கள் அட்டையில் எச்டிஎம்ஐ 2.0 என்றும் எச்டிசிபி 2.2 என்றும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது வேகம். 2009-இல் வந்த 1.4 நொடிக்கு 30 படம் வரைக்கும்தான் 4கே கடத்தும், 2013-இல் வந்த 2.0 தான் 60 படம் கடத்தும். இரண்டாவது திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு. நடுவில் இருக்கும் பெட்டிக்கு அந்தப் பூட்டு தெரியாவிட்டால் ஓடிடி படம் தரம் குறைந்து வரும், இல்லை வரவே வராது. புதிய பிளேஸ்டேஷன் 5-இல் 4கே-யில் நொடிக்கு 120 படம் வைத்து ஆடுபவர்களுக்கு 2.1 வகைப் பெட்டி வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். என் மகனிடம் இருப்பது 4 என்பதால் அந்த வகையை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதன் வயரை ஸ்விட்ச் பாக்ஸில் கொடுத்துவிட வேண்டாம். டிவியில் ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில் நேராக அதைச் செருகுங்கள். மிச்சமுள்ள போர்ட்டில் ஸ்விட்ச் பாக்ஸ். எந்தச் சாமானுக்கு மாற்றினாலும் ஒலி டிவிக்குப் போய் அங்கிருந்து சவுண்ட்பாருக்கு வந்துவிடும். நான் இதை மாற்றிச் செருகிவிட்டு, சத்தம் ஏன் வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன்.

தானாகவே மாறும் வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். எங்கள் செட்டாப் பாக்ஸ் அணைத்திருந்தாலும் வயரில் 5 வோல்ட்டை விடாமல் வைத்திருக்கும். ஸ்விட்ச் பாக்ஸ் அதை ஓடும் சாமான் என்று நினைத்துக்கொண்டு, மகன் ஆடிக்கொண்டிருக்கும்போது கேபிளுக்குத் தாவும். இரண்டாவது பெட்டியில் அந்த வசதியை நிறுத்திவைக்கப் பொத்தான் இருக்கிறது, நிறுத்திவிட்டேன். ரிமோட்டில் எண் பொத்தான்கள் சின்னவை. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பைத் துண்டு வெட்டி, 1 கேபிள், 3 கச்சேரி என்று எழுதி ஒட்டிவைத்தேன். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் திரை இரண்டு மூன்று நொடி கருப்பாகிவிட்டுத்தான் வரும். சாமானும் டிவியும் மறுபடி பேசி ஒத்துக்கொள்ளும் நேரம் அது. முதலில் அப்பா பதறி மறுபடி மறுபடி அமுக்குவார். இப்போது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

போன மாசம் அத்தான் போன் செய்தார். "மாப்ளே, நீ வச்சிருக்கிற அந்தப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டேன். ரிசீவருக்கு முன்னாடி போடலாமா?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம். செட்டாப் பாக்ஸ், ஸ்டிக், பிளேயர் எல்லாம் ஸ்விட்ச் பாக்ஸில் நுழையும். அதிலிருந்து ஒரே வயர் ரிசீவருக்குப் போகும், ரிசீவரிலிருந்து டிவிக்கு. ஒலி குறையாது, தவில் அதே அதிர்வோடுதான் கேட்கும். அடுத்த ஐப்பசியில் கேபிள் வயர் வழியே ஏதாவது வந்தால் முதலில் மேலே போய் விழுவது 1,900 ரூபாய்ப் பெட்டியாக இருக்கும். செட்டாப் பாக்ஸை ஒன்றாம் போர்ட்டில் கொடுத்து ஐந்தாவதைக் காலியாக விட்டுவையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.