மலேசியாவுக்கு விசாவே வேண்டாம், ஆனால் எங்களிடம் 18,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். போகிறவர்கள் ஜாக்கிரதை!

இலவசமாக நிரப்ப வேண்டிய ஒரு படிவத்துக்கு எங்கள் குடும்பத்திடம் 18,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு அந்தப் படிவத்தையாவது நிரப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. நேற்றுதான் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்து இறங்கினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வயிறு எரிகிறது, முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க மலேசியா போனால் 2023 டிசம்பர் 1 முதல் விசா தேவையில்லை, 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். இது எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் டிக்கெட் போட்டோம். அத்தைக்குப் பத்துமலை முருகனிடம் ஒரு வேண்டுதல். 272 படியையும் ஏறியே தீருவேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான், கணவர், மகள், அத்தை என்று நான்கு பேர்.

விசா வேண்டாம், சரி, வேறு என்ன வேண்டும் என்று பார்க்கத்தான் இணையத்தில் தேடினேன். முதல் வரியிலேயே ஒரு தளம் வந்தது. விண்ணப்பம் நிரப்பித் தருகிற வகையைச் சேர்ந்தது, பெயர் சொல்லப் போவதில்லை. மேலே மலேசிய அரசுச் சின்னம், பின்னால் இரட்டைக் கோபுரம், இணைய முகவரியின் நடுவில் அரசுத் தளம் மாதிரி 'கவ்' (gov) என்ற எழுத்துகள். விசா இல்லாமல் போகிறவர்கள் கட்டாயம் 'விசா-ஃப்ரீ என்ட்ரி பர்மிட்' எடுக்க வேண்டும் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். என் கொழுந்தனார் 2019-இல் போனபோது இதே மாதிரி 'என்ட்ரி' என்று ஒரு ஆன்லைன் பதிவுக்குப் பணம் கட்டித்தான் போனார். அது அப்போது நிஜமாகவே அரசாங்கம் வைத்திருந்த ஏற்பாடு, 15 நாளுக்கு அனுமதி கொடுப்பார்கள். அது எப்போதோ முடிந்துபோன கதை. அந்தப் பழைய ஞாபகத்தை வைத்துத்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

ஆளுக்கு 3,200 ரூபாய் என்று இருந்தது. கொஞ்சம் யோசித்தேன். வாட்ஸ்ஆப் எண் கொடுத்திருந்தார்கள், அழைத்தேன். எடுத்த பையன் சுத்தமான நம்ம ஊர்த் தமிழில் பேசினான். "அக்கா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. பெரியவங்க வேற வர்றாங்க, ஏர்போர்ட்ல நிக்க வெச்சிட்டா பாவம் இல்லையா? நான் பாத்துக்கறேன்" என்றான். அத்தைக்கு எத்தனை வயது, முட்டி வலி இருக்கிறதா, வீல்சேர் வேண்டுமா என்றெல்லாம் விசாரித்தான். சொந்தத் தம்பி மாதிரி பேசுகிறவனிடம் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அப்புறம் மெதுவாக, "இப்ப கூட்டம் அதிகம்க்கா, நார்மல்ல போட்டா வராது, எக்ஸ்பிரஸ்ல போட்டுடலாம்" என்று ஆளுக்கு இன்னொரு 1,400 ஏற்றினான். ஆக 4,600. நான்கு பேருக்கு 18,400 ரூபாய். கார்டில் கட்டினேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், புகைப்படம் எல்லாவற்றையும் அவன் கேட்டபடி அனுப்பினேன்.

சில நாளில் நான்கு பிடிஎஃப் வந்தன. அரசுச் சின்னம், எங்கள் புகைப்படம், ஓரத்தில் ஒரு க்யூஆர் கட்டம், 'அப்ரூவ்ட்' என்று பச்சை முத்திரை. கலர் பிரிண்ட் எடுத்து, பாஸ்போர்ட்டோடு சேர்த்து அத்தையின் மஞ்சள் பையில் வைத்தோம்.

திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மேடம், இது என்னன்னே தெரியலை. எம்டிஏசி எங்கே?" என்றார். க்யூஆரை ஸ்கேன் செய்தால் வெற்றுப் பக்கம். எம்டிஏசி என்பது மலேசியக் குடிநுழைவுத் துறையின் டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி முதல் கட்டாயம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இதைக் கேளுங்கள், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்பவே முடியும். அப்படியென்றால் பல வாரம் முன்னாலேயே எங்களிடம் 18,400 வாங்கிக்கொண்டு 'ப்ராசஸிங்கில் இருக்கிறது' என்று சொன்னார்களே, எதை ப்ராசஸ் செய்தார்கள்?

வரிசையை விட்டு ஒதுங்கி, ஒரு தூண் ஓரமாக நின்று செல்போனில் நிரப்பினேன். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், போகும் தேதி, திரும்பும் தேதி, பிரிக்ஃபீல்ட்ஸ் ஓட்டல் முகவரி, 50470 என்ற அஞ்சல் எண், அவ்வளவுதான் விவரம். அத்தை பாஸ்போர்ட்டை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே, "நம்மள திருப்பி அனுப்பிடுவாங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கை நடுங்கி இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அடித்தேன். நான்காவது ஆளுக்கு முடித்தபோது கவுன்ட்டர் மூட நேரம் நெருங்கிவிட்டது. அந்தக் கவுன்ட்டர் பெண் எங்களுக்காகக் காத்திருந்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்தே அந்தப் பையனுக்குப் போன் அடித்தேன். முதல் நாள் "டீம்ல கேட்டுச் சொல்றேன்க்கா". அடுத்த நாள் "சர்வர் பிரச்சினை". அப்புறம் எடுக்கவே இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, மெயில் போடுங்கள் என்றார். மெயிலுக்கு வந்த பதில் ஆங்கிலத்தில், அன்புள்ள வாடிக்கையாளரே, சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது, எங்கள் தளத்தின் கடைசியில் நிபந்தனைகளைப் பார்க்கவும். போய்ப் பார்த்தால், பக்கத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில், 'நாங்கள் எந்த அரசோடும் தொடர்புடையவர்கள் அல்ல' என்று இருக்கிறது. மேலே அரசுச் சின்னத்தை அவ்வளவு பெரிதாகப் போடத் தெரிந்தவர்களுக்கு இதைப் பெரிதாகப் போடத் தெரியாதா?

வங்கியில் கேட்டால், ஓடிபி நீங்களே போட்டிருக்கிறீர்கள், வியாபாரியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வற்புறுத்திய பிறகுதான், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் டிஸ்ப்யூட் படிவம் கொடுத்தார்கள். 18,400 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் மகளின் ஒரு பருவ ஸ்கூல் ஃபீஸ். அதைவிட எனக்குப் பயம், அந்த பாஸ்போர்ட் நகல்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர், வீட்டு முகவரி எல்லாம் இருக்கிறது. நான்கு பேருடையதும் இப்போது யார் கையில் இருக்கிறதோ.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மலேசிய அரசுத் தளம் என்றால் முகவரி 'டாட் கவ் டாட் எம்ஒய்' (.gov.my) என்றுதான் முடியும். நடுவில் 'கவ்' இருந்து, முடிவு இப்படி இல்லாவிட்டால் நம்பாதீர்கள். தேடும்போது 'ஆட்' (Ad, விளம்பரம்) என்று போட்டு மேலே வருவதைத் தொடவே தொடாதீர்கள். தாய்லாந்தும் 2025 மே முதல் இதே மாதிரி டிஜிட்டல் அட்டை கேட்கிறது, சிங்கப்பூரும் கேட்கிறது, அவையும் இலவசம்தான். அங்கேயும் இதே கும்பல்தான் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் புக்கிங், செலவுக்குப் பணம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசா இல்லை என்பதால் கேள்வி கேட்காமல் விட்டுவிட மாட்டார்கள், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அந்த அதிகாரி கையில்தான் இருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

நானும் இன்று காலை 1930-இல் புகார் பதிந்துவிட்டேன். நாளை டிஸ்ப்யூட் படிவத்தோடு வங்கிக்குப் போகிறேன். அந்தப் பையன் சற்று முன்னால் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான்.