பழைய சிட்டி விடெக்குக்கு உசுரு குடுத்த பட்டறை
2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 குதிரைசக்தி. முந்தின ஓனர் வண்டி உயரத்த கொறைக்குற லோயரிங் ஸ்பிரிங், கூம்பு ஏர் ஃபில்டர், தெருவே திரும்பிப் பாக்குற சைலன்சர்னு மாட்டி வச்சிருந்தாரு. மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறைல விட்டேன், மெக்கானிக் அண்ணன் பானட்ட தொறக்குறதுக்கு முன்னாடியே உள்ள கால் மேட்ட (mat) தூக்கி துரு இருக்கான்னு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்தாரு, அப்பவே நம்பிக்கை வந்துருச்சு. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ரெண்டையும் சேத்தே மாத்துனாரு, ஏன்னா இந்த இன்ஜின்ல பெல்ட் அந்துச்சுன்னா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எல்லாம் போச்சு. "சைலன்சர கம்பெனி மாடலுக்கே மாத்திரு தம்பி, எஃப்சில நிக்காது"ன்னு நேராவே சொன்னாரு, 15 வருசம் தாண்டுன வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க எஃப்சி, அதாவது வண்டி ஓட்ட தகுதியா இருக்குங்குற சர்டிபிகேட், வேணும்ல. பெயிண்ட் வேலைதான் ரொம்ப இழுத்துருச்சு, போன் போட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா இப்ப ரிங் ரோட்டுல மிதிச்சா என்னா இழுப்பு! இன்ஜின் வேலைக்கு தாராளமா விடலாம்.