25 நிமிஷத்துல குளிப்பாட்டித் தர்ற கடையை நம்பாதீங்க

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் புசுபுசு முடி நாய் வளர்க்கிறவங்க இதை முழுசா படிச்சிடுங்க.

எங்க பஞ்சுவுக்கு மூணு வயசு, ஷிட்சூ வகை நாய். எப்பவும் அம்மாதான் குளிப்பாட்டுவாங்க. அவங்களுக்குக் கை முறிஞ்சதால போன மாசம் டவுன்ல ஒரு க்ரூமிங் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். "மெடிகேட்டட் பாத், அதாவது மருந்து ஷாம்பு குளியல், தோலுக்கு நல்லது"ன்னு 1,200 ரூபாய் வாங்கினாங்க. கூட நிக்க விடலை. நான் எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சு, ஒரு போன் பேசி முடிக்கிறதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க. மொத்தம் 25 நிமிஷம்.

காதுல ரிப்பன், உடம்பெல்லாம் சென்ட் வாசனை, பொம்மை மாதிரி இருந்தான். தூக்கினப்போ நெஞ்சுக்கடியில உள்முடி சில்லுன்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போறதுக்குள்ள காஞ்சிடும்னு விட்டுட்டேன். அங்கேயே கேட்டிருக்கணும்.

மூணாம் நாள் ராத்திரி பூரா காதைச் சொறிஞ்சிட்டே இருந்தான். காலையில முடியை விலக்கிப் பார்த்தா, காதுக்குப் பின்னாடி அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் செவந்து, நீர் கசிஞ்சு, முடி அதுலயே ஒட்டிக் கிடக்கு. விரல் பட்டதும் அலறிட்டான்.

கால்நடை டாக்டர் அந்த இடத்தை மழிச்சுக் காட்டினார். சிக்கு எடுக்காமலே தண்ணி ஊத்தியிருக்காங்க. நனைஞ்ச சிக்கு காயும்போது இன்னும் இறுகிடுமாம், அதுக்கடியில ஷாம்பும் ஈரமும் தங்கிடும். அந்த ஈரத்துல கிருமி பெருகி அரிக்கும், நாய் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிடும். ஹாட் ஸ்பாட்னு பேர் சொன்னார். நாய்க்கு மேல்தோல் 3 முதல் 5 அடுக்குதான், நம்மளுதைவிட ரொம்ப மெல்லிசு.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்துச்சு: "மருந்து ஷாம்பு எவ்வளவு நேரம் ஊற விட்டாங்க?" குளோர்ஹெக்சிடின் மாதிரி கிருமியைக் கொல்ற மருந்து இருக்கிற ஷாம்பு தோல்ல 10 நிமிஷமாவது ஊறணும். அதுக்கு முன்னாடி சிக்கு எடுக்கணும், பின்னாடி நுரை போக அலசணும், இந்த முடியை அடித்தோல் வரைக்கும் காய வைக்கவே அரை மணி நேரம் பிடிக்கும். 25 நிமிஷத்துல இதுல எது நடந்திருக்கும்?

திரும்பக் கடைக்குப் போய் ஷாம்பு பாட்டிலைக் காட்டச் சொன்னேன். லேபிளே இல்லாத 5 லிட்டர் கேனைக் காட்டி, "எல்லா நாய்க்கும் இதாங்க போடுறோம்"னு சொல்றாங்க. அப்போ மருந்துன்னு என்கிட்ட வாங்கின காசு எதுக்கு? "உங்க நாய்க்கு முன்னாடியே அலர்ஜி இருந்திருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. பணம் வரலை.

கடையில விடுறதா இருந்தா, பாட்டிலை லேபிளோட பார்த்துட்டு, பக்கத்துல நிக்க விட்டா மட்டும் விடுங்க. தண்ணி படுறதுக்கு முன்னாடி சீப்பு படணும், அதை உங்க கண்ணால பாருங்க. சமீபத்துல எங்கயாவது விட்டிருந்தீங்கன்னா இன்னைக்கு ராத்திரியே காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடையிடுக்குல முடியை விலக்கித் தோலைப் பாருங்க. ஈரமோ செவப்போ தெரிஞ்சா எண்ணெய், மஞ்சள்னு எதுவும் தடவாம நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.