கண் குளிசைப் போத்தலும் இலவசமாகக் கிடைத்த கட்டத் தாளும்

அப்பாவுக்கு வயது 74. மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாள ஓரமாக நடந்து வருவார். மாசி மாதம் ஒருநாள் வந்ததும் வராததுமாக, "பிள்ளை, தண்டவாளம் நடுவில் வளைந்து கிடக்கிறது, ஸ்டேஷனில் சொல்ல வேண்டும்" என்றார். ரயில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வளைவு அப்பாவின் இடக்கண்ணில்: வயதானவர்களுக்கு வரும் மஞ்சள் பொட்டுச் சிதைவு நோய்.

அதற்கு மூன்று மாதம் முன்பே, கண் மங்குகிறது என்று காலி வீதி மருந்துக் கடையொன்றில் தானாகவே ஒரு போத்தல் வாங்கியிருந்தார். லேபிளைப் பின்னர்தான் வாசித்தேன்: பீட்டா கரோட்டின், கரட்டில் இருக்கும் செம்மஞ்சள் நிறச் சத்து. நாற்பது வருடம் சிகரெட் பிடித்த மனிதர் அவர். புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது பீட்டா கரோட்டின். 2013 இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு கண் குளிசைகளில் அதன் இடத்தை லூட்டீன், சியாசாந்தின் என்ற வேறு இரண்டு தாவர நிறச் சத்துகள் பிடித்துக்கொண்டன. விற்றவர் "புகைப்பீர்களா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் போத்தலுக்கு ஐந்தில் பூச்சியம்.

இப்போது குடிப்பது வைத்தியர் எழுதிக் கொடுத்தது: லூட்டீன் 10 மில்லிகிராம், சியாசாந்தின் 2, விற்றமின் சி 500, கூடவே விற்றமின் ஈ, துத்தநாகம், செம்பு. குளிசை பெரிது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. புட்டுச் சாப்பிட்ட பிறகென்றால் பிரச்சினை இல்லை. ஆனால் இது பார்வையைத் திருப்பித் தரும் மருந்தல்ல. விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் பொட்டுக்கு அடியில் கழிவு படிந்து, நோய் நடுத்தர நிலைக்கு வந்தவர்களுக்கு, அது முற்றிப்போகும் வாய்ப்பைக் கால்வாசி அளவு குறைக்கிறது, அவ்வளவுதான். அப்பாவின் வலக்கண் அந்த நிலையில் இருக்கிறது. மாமி தன் கண்புரைக்கு ஒரு போத்தல் கேட்டார்; வீண் செலவு என்று சொல்லிவிட்டேன், கோபம். இந்தக் குளிசைக்கு ஐந்தில் மூன்று.

இடக்கண்ணைக் காப்பாற்றியது குளிசை அல்ல, ஊசி. விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் கசிந்ததால்தான் கோடு வளைந்தது. மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்ட பின் தண்டவாளம் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. ஏன் வந்தது என்று கேட்டதற்கு வைத்தியர் வயது, பரம்பரை, சிகரெட் என்றார். அப்பா முதல் இரண்டை மட்டும் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார்.

ஐந்துக்கு ஐந்து வாங்குவது கிளினிக்கில் சும்மா தந்த கட்டத் தாள். அம்ஸ்லர் என்ற சுவிஸ் வைத்தியரின் பெயரில் வழங்கும் பத்து சென்ரிமீற்றர் சதுரம், நடுவில் ஒரு புள்ளி. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி, ஓரடி தூரத்தில் பார்க்க வேண்டும். கோடு நெளிந்தாலோ இடையில் ஓட்டை தெரிந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் ஓட வேண்டும். அப்பா கணக்காளராக இருந்தவர், காலையில் தேநீருக்கு முன் பார்த்துவிட்டு "இன்று சரி" என்று கலண்டரில் குறிக்கிறார்.

குறை ஒன்றுதான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளுக்கு மேலேயே அம்மா மின்சார பில்லைக் குத்திவிடுகிறார்.