லேபில் ‘டெங்கு நெகட்டிவ்’ என்று சீட்டு கொடுத்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மழை பிடித்துவிட்டது, வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

என் மச்சானுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகை நிமிர்த்த முடியவில்லை. டெங்குவாக இருக்குமோ என்று கடைவீதியில் ஒரு தனியார் லேபுக்குக் கூட்டிப்போனோம். ‘டெங்கு புரொஃபைல்’ என்று நல்ல தொகை வாங்கினார்கள். சின்ன பிளாஸ்டிக் கார்டில் சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துக் காட்டினார்கள். ‘சி’ என்ற எழுத்துக்கு நேராக மட்டும் ஒரு கோடு, கார்டு வேலை செய்கிறது என்று காட்டுவது அது. “டெங்கு இல்லீங்ணா, தைரியமா கூட்டிட்டுப் போங்க” என்றார் அங்கிருந்த தம்பி.

அந்தக் கார்டு பார்த்தது ஐஜிஎம், ஐஜிஜி என்ற ஆன்டிபாடிகளை மட்டும். வைரஸை எதிர்க்க நம் உடம்பு தயாரிப்பவை அவை. ஐஜிஎம் ரத்தத்தில் தெரியவே பெரும்பாலும் நாலைந்து நாள் பிடிக்கும். இரண்டாம் நாளில் பார்க்க வேண்டியது என்எஸ்1, அதாவது வைரஸின் புரதத்தையே தேடும் டெஸ்ட். அது அந்த ‘புரொஃபைலில்’ இல்லவே இல்லை. ரிப்போர்ட்டில் ‘டெங்கு: நெகட்டிவ்’ என்று ஒரே வரி. எந்த டெஸ்ட், எந்த கிட், காய்ச்சலின் எத்தனையாவது நாள், ஒன்றும் கிடையாது.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் பக்கத்து கிளினிக்கில் உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது அதைப் போடக் கூடாது, ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால்தான் கொடுப்பார்கள். அப்புறம் காய்ச்சல் விட்டது, நாங்களும் நிம்மதியானோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே எலிசா என்ற, கார்டு இல்லாமல் லேபில் செய்யும் முறையில் ஐஜிஎம் பாசிட்டிவ், பிளேட்லெட் கிடுகிடுவென இறங்கியிருந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

லேபில் போய்க் கேட்டால், “கார்டுல கோடு வரல, நாங்க என்ன பண்றது?” என்கிறார்கள். கோடு வராததில் எனக்குக் கோபமில்லை. அந்த நாளில் கண்டுபிடிக்கவே முடியாத டெஸ்ட்டை விற்றுவிட்டு, டெங்குவே இல்லை என்று எழுதிக்கொடுத்தார்களே, அதுதான் ஆறவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும், ஐஜிஜி வருடக்கணக்கில் இருக்கும். எப்போதோ வந்துபோன டெங்குவுக்கு இன்றைய சளிக்காய்ச்சலில் பாசிட்டிவ் காட்டி, ஆளை அட்மிட் செய்துவிடலாம். கொரோனாவின்போது, 2020 ஏப்ரலில், ராஜஸ்தான் அரசு ரேப்பிட் ஆன்டிபாடி கிட்டுகள் (இதே மாதிரி கார்டுகள்தான்) தப்பாகக் காட்டுகின்றன என்று சொன்ன பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) அவற்றை நிறுத்தச் சொன்னது நினைவிருக்கும்.

காசு கட்டும் முன் கேளுங்கள்: என்எஸ்1 உண்டா, கார்டா எலிசாவா? காய்ச்சல் தொடங்கிய நாளை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆரம்ப நாட்களில் நெகட்டிவ் வந்தாலும் தினமும் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பாருங்கள், வலிக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லுங்கள். என்எஸ்1-ஓ ஐஜிஎம்மோ எலிசாவில் பாசிட்டிவ் வந்தால் அரசுக் கணக்கில் உறுதியான டெங்கு, கார்டு முடிவு மட்டும் போதாது.

மாவட்ட மருத்துவ அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஒற்றை வரி ரிப்போர்ட் வாங்கியவர்கள் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், புகாரோடு சேர்க்க உதவும்.