சிறு ரைஃபிள் பிரைமர்: ஒன்பது ஆண்டுக் கைப்பழக்கத்தில் கண்டது

என் .223 ரெமிங்டன் தோட்டா சுடும் துப்பாக்கியில், தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் போல்ட்டின் முகப்பில், ஊசி வெளியே வரும் துளையைச் சுற்றி, அம்மைத் தழும்பு போல ஒரு வளையம் இருக்கிறது. அது விழுந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எண்ணெய் ஊற்றித் துடைத்தாலும் தூரிகையால் தேய்த்தாலும் போகாது. அது படிந்த அழுக்கு இல்லை, எஃகு அரிக்கப்பட்ட இடம். தோட்டாக்களை நானே நிரப்பத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்த நாளில் கிடைத்த பரிசு.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை வைத்து ஐந்தைந்து தோட்டாக்களாகச் சுட்டுப் பார்த்திருந்தேன். பிரைமர் என்பது தோட்டா உறையின் அடியில் பொருத்தும் சின்னக் கிண்ணம்; ஊசி அடித்ததும் வெடித்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைப்பது அதுதான். ஒரு பிரைமர் மற்றவற்றைவிடச் சீரான வேகத்தைக் காட்டியது. உடனே ஆயிரம் வாங்கினேன். அதன் கிண்ணத் தகடு மெல்லியது என்று தெரியும். அது கவனிக்க வேண்டிய விஷயம் என்பதுதான் தெரியாது. குளிர்காலத்தில் தேர்ந்த வெடிமருந்தளவை, அதுவும் தோட்டா நிரப்பும் கையேட்டின் உச்ச அளவுக்குப் பக்கத்தில் இருந்ததை, கடும் வெயிலில் சுட்டேன். பதினாறாவது தோட்டாவில் சத்தம் வழக்கம்போலத்தான் இருந்தது. கன்னத்தில் மட்டும் சூடாக ஓர் ஊதல். உறையை எடுத்துப் பார்த்தால், ஊசி குத்திய பள்ளத்தின் நடுவே குண்டூசித் தலையளவு ஓட்டை, சுற்றிலும் கரி. .223-க்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அந்த வாயு அத்தனை சிறிய ஓட்டை வழியாகப் பீறிட்டால் எஃகையும் அரித்துவிடும். நல்லவேளை, கண்ணாடி அணிந்திருந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிரைமர் தனக்குரிய வேலைக்குச் சரியானதுதான். அதற்கில்லாத வேலையை அதன் தலையில் கட்டியவன் நான்.

அன்றிலிருந்து, எந்தப் பிரைமர் நல்லது என்று யார் கேட்டாலும் முதலில் தகட்டின் கனத்தைத்தான் பேசுகிறேன். சீரான வேகம், தீயின் சூடு, போட்டித் தரம் என்று சொல்லிப் பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘மேட்ச்’ என்ற சொல் எல்லாம் அதற்குப் பிறகு.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு பத்தி. நாம் நிரப்புவது பாக்ஸர் வகைப் பிரைமர். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் 1866-இல் காப்புரிமை பெற்றது. ஒரு சின்ன உலோகக் கிண்ணம், அதன் அடியில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் கலந்த வெடிக்கலவை, அதற்கு மேல் கால் முளைத்த ஒரு பட்டடை. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தை வெளியிலிருந்து அடிக்கும்போது, கலவை ஊசிக்கும் பட்டடைக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. கொல்லன் பட்டடையில் நடப்பதேதான், 4.45 மில்லிமீட்டர் விட்டத்துக்குள். அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் வகையில் பட்டடை உறையிலேயே வார்த்திருக்கும்; பழைய பிரைமரைக் கழற்றுவது பெரும்பாடு. பிரிட்டிஷ்காரர் கண்டுபிடித்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பிய ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. வேடிக்கையான கொடுக்கல் வாங்கல்.

இனி கனம். சிசிஐ, ரெமிங்டன், ஃபெடரல் ஆகியவை பிரைமர் செய்யும் நிறுவனங்கள், பின்னால் வருவது வகையின் பெயர். சிசிஐ 400, ரெமிங்டன் 6½ இரண்டின் தகடும் 0.020 அங்குலம். சிசிஐ 450, பிஆர்4, 41, ரெமிங்டன் 7½ ஆகியவை 0.025. ஃபெடரல் 205 இரண்டுக்கும் நடுவில். வித்தியாசம் ஓர் எழுதுதாளின் கனம்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளளவு உலோகம்தான் வாயுவுக்கும் என் கன்னத்துக்கும் இடையில் நிற்கிறது. ரெமிங்டன் நிறுவனமே 6½-ஐ .22 ஹார்னெட் போன்ற மிதமான அழுத்தத் தோட்டாக்களுக்கு ஒதுக்கிவிட்டு, .223-க்கு 7½-ஐச் சொல்கிறது. எண்ணில் ஒன்று கூடியதால் சூடு கூடியது என்று நினைத்துப் பலர் 7½-ஐத் தவிர்க்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் தவிர்த்தேன்.

சிறு கைத்துப்பாக்கிப் பிரைமரும் இதே விட்டம், உறையின் அடியில் உள்ள இதே குழியில் அழகாக உட்காரும். தகடு இன்னும் மெல்லியது. தட்டில் கொட்டிவிட்டால் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பெட்டிதான் திறந்திருக்கும். தட்டில் மிஞ்சியது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால், அது மீண்டும் பெட்டிக்குப் போகாது.

தானாக மறுகுண்டு ஏற்றும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தகட்டின் கனம் இன்னும் முக்கியம். ஏஆர்-15 வகையில் ஊசியைப் பின்னால் இழுத்து வைக்கும் வில் கிடையாது. போல்ட் முன்னே பாய்ந்து மோதும்போது ஊசி தன் வேகத்திலேயே பிரைமரைத் தொட்டுவிடும். நம்பாவிட்டால், ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். பிரைமரின் நடுவில் மெல்லிய புள்ளி ஒன்று இருக்கும். அது புள்ளியோடு நிற்க வேண்டும். பிரைமர் மிக மென்மையாக இருந்தாலோ, குழியில் முழுதாக அமராமல் துருத்திக்கொண்டிருந்தாலோ, விசையைத் தொடாமலேயே வெடிக்கும் வாய்ப்பு உண்டு. சிசிஐ 41 இதற்காகவே ராணுவத் தரத்து உணர்திறனோடு வருகிறது. அந்தத் துப்பாக்கிக்கு நான் 41 அல்லது 450 தவிர வேறு எதையும் வைப்பதில்லை. இதில் சோதனை செய்து பார்க்கும் ஆசையே எனக்கு இல்லை.

இப்போது அந்த ஐந்து தோட்டாக்களுக்கு வருகிறேன். பிரைமரைப் பற்றிய பேச்சில் பாதி, வேகத்தின் திட்ட விலக்கத்தை, அதாவது தோட்டாவுக்குத் தோட்டா வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பற்றியதாகவே இருக்கும். ‘இதற்கு மாறினேன், 12 இருந்தது 7 ஆகிவிட்டது’ என்பார்கள். ஐந்து தோட்டாக்களைச் சுட்டு விலக்கம் 10 என்று வந்தால், 95 சதவீத நம்பிக்கைக் கணக்குப்படி உண்மையான மதிப்பு 6-லிருந்து 29 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். முப்பது சுட்டால்தான் அது 8-க்கும் 13-க்கும் இடையில் வந்து நிற்கும். இது தெரிந்த பிறகு என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்று ஆண்டுகளில் நான் எடுத்த பிரைமர் முடிவுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தால் மருந்தாவது மிஞ்சியிருக்கும்.

பிறகு பொறுமையாக, ஒரே உறை, ஒரே மருந்து, ஒரே குண்டு வைத்து, ஒவ்வொரு பிரைமருக்கும் முப்பது என்று சுட்டேன். ஒவ்வொன்றுக்கும் மருந்தளவைக் குறைத்து முதலிலிருந்து ஏறினேன். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும், பழைய அளவை அப்படியே வைக்கக் கூடாது. என் .223-இல் பிஆர்4, 450, ஃபெடரல் 205-இன் ‘மேட்ச்’ வடிவமான 205எம் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காகிதத்தில் விழுந்த துளைகளின் பரவலும் அப்படித்தான். பிஆர்4-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது போட்டி நாளில் மனநிம்மதிக்காக என்றால் எனக்கு மறுப்பில்லை, நானும் கொடுத்திருக்கிறேன்.

450-ஐ மேக்னம் என்று பெட்டி சொல்வதால் பயப்படுபவர்களுக்கு: அதன் தீ கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உருண்டை மணி மருந்துகள் தீப்பிடிக்கச் சற்றுச் சோம்பல்படும் வகை; அவற்றுக்கு அந்தக் கூடுதல் தீ உதவுகிறது. மருந்தளவைக் குறைத்துத் தொடங்கினால் சாதாரண மருந்துகளோடும் ஒத்துப்போகிறது.

ஃபெடரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் கையில் இருப்பவற்றில் மிக எளிதில் பற்றுவது இதுதான். வில் தளர்ந்த பழைய துப்பாக்கிகளுக்கு வரப்பிரசாதம். பெட்டி மற்றவர்களுடையதைவிட மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே ஒவ்வொன்றும் தள்ளித்தள்ளிப் படுத்திருக்கும். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் பரவாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி என்பது புரியும்வரை, அலமாரி நிறைந்துவிட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பிரைமர்களை அவற்றின் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புட்டி இல்லை, வெடிகுண்டு.

உட்கார வைப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். கைக்கருவியின் நெம்புகோலை அழுத்தும்போது முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கிண்ணத்தின் விளிம்பு குழிக்குள் வழுக்கிக்கொண்டு இறங்குவது உள்ளங்கையில் தெரியும். அதன்பின் ஒரு நிற்றல்; பட்டடையின் கால்கள் தரையைத் தொட்டுவிட்டன. அங்கிருந்து இன்னும் ஒரு மயிரிழை அழுத்தினால்தான் கலவை பட்டடையோடு இறுக்கமாகச் சேரும். முடிந்ததும் உறையின் அடியில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் லேசாகப் பள்ளத்தில் விழ வேண்டும்; அளந்தால் 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே இருக்கும். நகம் இடறினால் அந்தத் தோட்டா ஒதுக்கப்படும். ராணுவ உறைகளில் குழியின் வாய் இறுக்கிக் கவ்வப்பட்டிருக்கும். அதை முதலில் அகற்றாமல் திணித்தால் கிண்ணத்தின் ஓரம் சீவிக்கொண்டு போகும்.

இந்த நிற்றலை உணரக் கற்றுக்கொள்வதற்கு முன்பு முந்நூறில் நான்கு தோட்டாக்கள் வெடிக்காமல் போயின. குழாயை இலக்கின் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருந்து, மீண்டும் ஊசியை இயக்கி அடித்தேன். நான்கும் வெடித்தன. பிரைமர் பழுதாக இருந்தால் இரண்டாவது அடிக்கும் பேசாது. அரைகுறையாக அமர்ந்ததை முதல் அடி குழிக்குள் தள்ளியது, இரண்டாவது அடி வெடிக்க வைத்தது. அதுவரை பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்த நான் நெம்புகோலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 6.5 கிரீட்மூர் என்ற, .223-ஐவிடப் பெரிய தோட்டாவுக்குச் சிறு பிரைமர் குழி கொண்ட லாபுவா நிறுவன உறைகளை வாங்கினேன். பெரிய பிரைமர் குழிக்குப் பதிலாகச் சிறியது. அதனால் உறையின் அடியில் பித்தளை கூடுதல், பலமுறை நிரப்பினாலும் குழி தளர்வதில்லை. பன்னிரண்டு முறை நிரப்பிய உறைகளிலும் பிரைமர் இன்னும் இறுக்கமாகவே இறங்குகிறது. இதில் எனக்குக் குறையே இல்லை, ஒன்றைத் தவிர: பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் தீத்துளை 1.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான துளை 2 மில்லிமீட்டர். பழைய பிரைமரைத் தள்ளும் கம்பியை மாற்ற மறந்து முதல் உறையை உள்ளே விட்டேன். கம்பி வளைந்து துளையில் சிக்கிக்கொண்டது. இடுக்கியால் பிடுங்கியபோது முறிந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

அந்த உறைகளில் 400 வகையின் மெல்லிய தகட்டை நான் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை, 450-தான். கடுங்குளிரில் சிறு பிரைமர் அத்தனை பெரிய மருந்துக் குவியலைப் பற்றவைக்கத் திணறுவதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஊசி அடித்த ‘டிக்’ ஒலிக்கும் வெடிக்கும் இடையில் ஒரு தயக்கம். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் காதுக்குத் தெரிந்தது. பனியில் வேட்டைக்குப் போகிறவர் என்றால் பெரிய பிரைமர் உறையே மேல்.

2020-க்குப் பிறகு வந்த தட்டுப்பாட்டில் தேர்வு என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. கிடைத்ததை வாங்கினோம். அப்போது வந்த ஒரு பெட்டியின் பிரைமர்கள் மற்றவற்றைவிட இறுக்கமாக இறங்கின, கிண்ணத்தின் விளிம்பு அத்தனை மழமழப்பாக இல்லை. ஆனால் எட்டு நூற்றில் ஒன்றுகூட ஏமாற்றவில்லை. பெயர் தெரியாத பெட்டி என்று முகம் சுளித்ததை நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கம்தான்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெடித்த பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. உறைகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் பாத்திரத்தைத் திறக்கும்போது எழும் தூசியிலும் அதுதான். மேசைக்குத் தேநீர் வராது, குழந்தைகளும் வரமாட்டார்கள். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல்.

இப்போது அலமாரியில் மூன்று பெட்டிகள்தான் இருக்கின்றன: 450, 41, கொஞ்சம் 205எம். 450 ஒரே தொகுதி எண்ணில் ஐயாயிரம் வாங்கி வைத்தேன். தொகுதி மாறும்போது மருந்தளவை மீண்டும் சரிபார்க்கச் சோம்பல். பழைய மெல்லிய தகட்டுப் பெட்டியில் இன்னும் எழுநூறு சொச்சம் மிச்சம். .22 ஹார்னெட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.