பிரிஃபார்மிஸ் வலி: மாதக்கணக்கில் செய்து பார்த்ததில் எது நிற்கிறது

திருப்பூர் பவர்டேபிளில் தைப்பவரோ சங்ககிரி லாரி ஓட்டுநரோ, சொல்வது ஒன்றுதான்: "உக்காந்தா குடையுதுங்க, எந்திரிச்சு நாலு எட்டு நடந்தா தேவலைங்க." பிட்டத்தின் ஆழத்தில் குடைச்சல், தொடையின் பின்பக்கம் இழுப்பு. இடுப்புக்குப் பின்னால் இருக்கும் திரிக எலும்பிலிருந்து தொடையெலும்பின் மேல்முனைக்குப் போகும் சின்னத் தசைதான் பிரிஃபார்மிஸ். இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பெரும்பாலானவர்களுக்கு இதன் கீழாக இறங்குகிறது, சிலருக்குத் தசையையே துளைத்து வருகிறது. இருமும்போதும் தும்மும்போதும் வலி இடுப்பிலிருந்து காலுக்கு வெட்டினால் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு) கோளாறாக இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

டென்னிஸ் பந்து உடனே சுகம் தரும். அந்தச் சுகத்திலேயே பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். சுவரோரம் நின்று, பந்தைப் பிட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தினால் போதும். பாதம் வரை சுள்ளென்று ஓடினால் பந்து நரம்பின்மேல் இருக்கிறது, நகர்த்துங்கள். கிரிக்கெட் பந்து வேண்டவே வேண்டாம்.

நீட்டுப் பயிற்சிக்கு மல்லாந்து படுத்து, வலிக்கிற காலின் கணுக்காலை மறு முழங்காலின்மேல் போட்டு, கீழே இருக்கும் தொடையைக் கைகளால் மார்புப் பக்கம் இழுக்க வேண்டும். 30 விநாடி, 3 முறை, காலையும் மாலையும். பிட்டத்தில் இழுப்பு தெரிய வேண்டும், காலில் மதமதப்பு வரக்கூடாது. வெட்டி வெட்டி இழுத்தால் தசை இன்னும் இறுகும்.

வலி திரும்பத் திரும்ப வருகிறதென்றால், இடுப்பின் பக்கத்துத் தசைகள் சோர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுங்கள். 15 தடவை, 2 சுற்று. இடுப்பெலும்பின்மேல் கை வைத்துக்கொண்டால் இடுப்பு பின்னால் சாய்வது உடனே தெரியும். சாய்ந்தால் பயிற்சி வீண். பலன் தெரிய 6 வாரமாவது ஆகும். அதற்குள் சலித்து விட்டவர்களே அதிகம், வருத்தமாக இருக்கிறது.

உட்காரும் விதம் மாறாமல் இவையெல்லாம் பாதிப் பலன்தான். பர்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கக்கூடாது. முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி இருக்கையை உயர்த்துங்கள். அமுங்கிப் போகும் மெத்தை உதவாது. பீஸ் ரேட்டில் தைப்பவர் எழுந்தால் கூலி போகும், உண்மைதான். அதனால் அடுத்த பண்டலைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் எழுந்து போய் எடுங்கள்.

வலி மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பயிற்சிக்கு அடங்காத வலிக்கு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தசையில் போடும் ஊசி இருக்கிறது. அது கொடுக்கும் இடைவெளியிலும் பயிற்சி நடக்க வேண்டும்.

தொடையிடுக்கு மரத்துப்போனாலும், சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.